வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தால் ஓமும் வாட்டும்: புதிதாகக் கற்போருக்கு ஒரு வழிகாட்டி

பாலக்காட்டு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, மீனாட்சிபுரம் என்று தமிழ் பேசும் ஊர்கள் கிழக்கெல்லை நெடுகப் பரவியிருக்கின்றன. மழை குறைந்த பகுதி என்பதால் தென்னந்தோப்புகள் போர்வெல்லை நம்பியே நிற்கின்றன. கோடையில் எல்லாத் தோப்பிலும் மோட்டார் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கினால், டிரான்ஸ்பார்மருக்குத் தொலைவில் இருக்கும் வீடுகளில் மின்விசிறி தளர்ந்து சுற்றும். வாளித் தண்ணீர் சுட வெகுநேரம் ஆகும். அப்போது ஒருவர் “வோல்ட்டேஜ் இல்லை” என்பார்; மற்றொருவர் “மோட்டார் ஆம்ஸ் அதிகம் இழுக்கிறது” என்பார். இரண்டு பேச்சும் சரியே. ஆனால் எவ்வளவு இல்லை, எவ்வளவு இழுக்கிறது, அதனால் எங்கே எவ்வளவு வீணாகிறது என்பவற்றை அளந்து கணக்கிட்டால்தான் வயர்மேனிடமோ மோட்டார்க் கடையிலோ தெளிவாகப் பேச முடியும். வகுத்தலும் பெருக்கலும் தெரிந்த எவரும் இதைச் செய்யலாம். பத்தாம் வகுப்பு இயற்பியலுக்கு மேல் இதில் எதுவும் இல்லை.

நான்கு அளவுகள், இரண்டு வாய்பாடுகள்

மின்னழுத்தம் என்பது இரு புள்ளிகளுக்கு இடையே மின்னூட்டத்தைத் தள்ளுகின்ற அழுத்தத்தின் அளவு. அதன் அலகு வோல்ட். மின்னோட்டம் என்பது கம்பியின் வழியே ஒரு நொடியில் எவ்வளவு மின்னூட்டம் கடக்கிறது என்பது; அதன் அலகு ஆம்பியர். இந்த இரண்டையும் கருவியால் நேரடியாக அளந்துகொள்கிறோம். மின்தடை, மின்திறன் ஆகிய மற்ற இரண்டையும் கணக்கால் பெறுகிறோம். மின்தடையின் அலகு ஓம். மின்திறனின் அலகு வாட்.

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்

மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

முதலாவது, கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜெர்மானியர் கியோர்க் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்ட விதியிலிருந்து வருவது. இவ்விரு வாய்பாடுகளையும் ஒன்றோடொன்று இணைத்தால் மேலும் இரண்டு கிடைக்கும்: மின்திறன் = மின்னோட்டம் × மின்னோட்டம் × மின்தடை; மின்திறன் = மின்னழுத்தம் × மின்னழுத்தம் ÷ மின்தடை. மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வெப்பம் பெருகும் என்று 1840-களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஜூல் சோதித்துக் காட்டியது இவற்றில் முதலாவதுதான்; கம்பியும் இணைப்பும் சூடாவதைக் கணக்கிட அதையே பின்னால் பயன்படுத்தப் போகிறோம்.

பயிற்சி வகுப்புகளில் மூன்று எழுத்தை ஒரு முக்கோணத்துக்குள் எழுதி, வேண்டியதை விரலால் மறைத்து விடையைப் படிக்கச் சொல்வதுண்டு. எனக்கு அந்த முறையில் நாட்டமில்லை. ஓம் என்பது ஓர் ஆம்பியரைச் செலுத்தத் தேவைப்படும் வோல்ட் என்று புரிந்துகொண்டால், எதை எதனால் வகுப்பது என்ற குழப்பம் எழாது.

கணக்கில் புகுமுன் அலகைப் பாருங்கள். கருவி மில்லி ஆம்பியரில் காட்டினால் 1000-ஆல் வகுத்து ஆம்பியராக்கிய பிறகே வாய்பாட்டில் இடவேண்டும். 840 மில்லி ஆம்பியர் என்பது 0.84 ஆம்பியர். இந்த ஒரு வகுத்தலை விட்டுவிட்டால் சின்னக் குறிகாட்டி விளக்கு பத்தாயிரம் வாட் எடுப்பதாகக் கணக்கு சொல்லும்.

கருவிகளும் கவனமும்

மல்டிமீட்டர் ஒன்றும் கிளாம்ப் மீட்டர் ஒன்றும் போதும். மாறுமின்னோட்டத்தின் வோல்ட்டையும் ஆம்பியரையும் ஓமையும் சேர்த்து அளக்கும் கிளாம்ப் மீட்டராக வாங்கினால், வீட்டு வேலைக்கு அது ஒன்றே போதும். கம்பியை அறுக்காமல், தாடையைத் திறந்து கம்பியை உள்ளே விட்டு மூடினாலே அது ஆம்பியரைக் காட்டிவிடும் என்பதால், 230 வோல்ட் இருக்கும் இடத்தில் புதியவர் மின்னோட்டம் அளக்க அதைத் தவிர வேறு கருவியைத் தொடவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மல்டிமீட்டரை ஆம்பியர் நிலையில் வைத்து, அதன் இரு முனைகளையும் பிளக் பாயின்ட்டிலோ பேட்டரியின் இரு முனைகளிலோ நேராக வைப்பது மிகப் பெரிய ஆபத்து. ஆம்பியர் நிலையில் கருவியின் உள்தடை ஏறக்குறைய பூஜ்யம் என்பதால், அப்படி வைப்பது ஷார்ட் சர்க்யூட் செய்வதற்குச் சமம். உள்ளே இருக்கும் பியூஸ் போகும், மலிவான கருவியாக இருந்தால் கருவியே கையில் வெடிக்கும். ஆம்பியர் அளந்து முடித்தவுடன் சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிட்டுத்தான் கருவியைக் கீழே வைக்கவேண்டும்.

நம் உடலையும் இதே வாய்பாட்டில் வைத்துப் பார்க்கலாம். ஈரக் கையும் ஈரக் காலுமாக நிற்பவரின் உடல்தடை ஏறத்தாழ 1000 ஓம் வரை இறங்கக்கூடும். 230-ஐ 1000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். வீடுகளில் பொருத்தப்படும் ஆர்.சி.சி.பி., நம் பக்கத்தில் பலரும் இ.எல்.சி.பி. என்றே சொல்வது, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும்படி அமைந்திருப்பது இதனால்தான். அது இல்லாத வீட்டில், அல்லது இருந்தும் அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழாத வீட்டில், கீழே சொல்லும் 230 வோல்ட் அளவீடுகளைச் செய்யாதீர்கள். மீட்டர்ப் பெட்டி, ஸ்டார்ட்டர் பெட்டி ஆகியவற்றைத் திறந்து அளக்கும் வேலை உரிமம் பெற்ற வயர்மேனுடையது. நீங்கள் பக்கத்தில் நின்று எண்களைக் குறித்துக்கொண்டால் போதும்.

முதல் பயிற்சி: 12 வோல்ட் விளக்கு

டிராக்டரிலோ பைக்கிலோ இருக்கும் 12 வோல்ட் பேட்டரியும், பழைய வகை 10 வாட் இண்டிகேட்டர் பல்பும் பயிற்சிக்கு ஏற்றவை. எல்.இ.டி. வேண்டாம்; இழை உள்ள பல்பாக இருக்கட்டும். பல்பைப் பேட்டரியுடன் இணைத்து எரியவிட்டு, மல்டிமீட்டரை நேர்மின்னோட்ட வோல்ட் நிலையில் வைத்து, முனைகளைப் பல்பின் இரு முனைகளில் தொடுங்கள். பேட்டரியில் அல்லாமல் பல்பின் முனையிலேயே அளக்கவேண்டும், ஏனெனில் நடுவில் இருக்கும் வயரும் கிளிப்பும் சிறிது வோல்ட்டை விழுங்கியிருக்கும். 12.6 வோல்ட் காட்டுகிறது என்று கொள்வோம்.

பிறகு ஒரு வயரைக் கழற்றி, கருவியின் சிவப்பு வயரைப் பத்து ஆம்பியர் துளைக்கு மாற்றி, கழற்றிய இடைவெளியில் கருவியைச் சேர்த்துப் பாதையை முழுமையாக்குங்கள். வோல்ட்டை அளக்கக் கருவியைப் பக்கவாட்டில் தொடுகிறோம். ஆம்பியரை அளக்கக் கருவியையே பாதையின் ஒரு பகுதியாக்குகிறோம். 0.84 ஆம்பியர் காட்டினால்:

மின்தடை = 12.6 ÷ 0.84 = 15 ஓம்

மின்திறன் = 12.6 × 0.84 = 10.6 வாட்

பல்பில் 10 வாட் என்று அச்சிட்டிருப்பது 12 வோல்ட்டுக்கு உரியது. வோல்ட் சற்றுக் கூடியதால் வாட்டும் சற்றுக் கூடியிருக்கிறது.

இப்போது பல்பைக் கழற்றி, ஆறவிட்டு, கருவியை ஓம் நிலைக்கு மாற்றி அதன் தடையை நேரடியாக அளந்து பாருங்கள். 15 ஓம் வராது. ஒன்று அல்லது இரண்டு ஓம்தான் காட்டும். கருவி பழுதாகிவிட்டதோ என்று ஐயப்பட வேண்டாம். டங்ஸ்டன் இழை எரியும்போது 2000 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் அதன் தடை குளிர்ந்த நிலையில் இருப்பதைப் போலப் பத்து மடங்கு அல்லது அதற்கும் மேலாக உயர்ந்துவிடுகிறது. வோல்ட்டையும் ஆம்பியரையும் அளந்து பெறும் தடை, பொருள் வேலை செய்துகொண்டிருக்கும் நிலைக்கு உரியது. ஓம் நிலையில் அளப்பது ஓய்ந்திருக்கும் நிலைக்கு உரியது. இழை பல்புகள் ஸ்விட்ச் போடும் கணத்தில்தான் பெரும்பாலும் பட்டென்று போகின்றன என்பதற்கும் இதுவே காரணம்: அந்தக் கணத்தில் தடை குறைவு, ஓட்டம் பல மடங்கு.

இரண்டாவது பயிற்சி: வாட்டர் ஹீட்டர் ராடு

சுருள்கம்பி சூடாகி வேலை செய்யும் கருவிகளில், அதாவது ஹீட்டர் ராடு, கீசர், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றில், ஓம் விதி ஏறத்தாழ அப்படியே பொருந்தும். அவற்றில் பயன்படும் நிக்ரோம் கம்பியின் தடை சூட்டினால் சில சதவீதமே மாறுகிறது. தெர்மோஸ்டாட் குறுக்கிடாமல் தொடர்ந்து ஓடுவது ராடு என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம்.

லேபிளில் 230 வோல்ட், 1000 வாட் என்று இருக்கிறது. அளப்பதற்கு முன் லேபிளிலிருந்தே எதிர்பார்க்கும் எண்களை எழுதி வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். மின்னோட்டம் 1000 ÷ 230 = 4.35 ஆம்பியர், மின்தடை 230 ÷ 4.35 = 52.9 ஓம்.

அடுத்து, பிளக்கைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த ராடின் பிளக்கில் உள்ள இரு மெல்லிய பின்களுக்கு இடையே ஓம் நிலையில் அளக்கவும். ஐம்பது, ஐம்பத்திரண்டு என்ற சுற்றுவட்டத்தில் காட்டினால் சுருள் நலமாக இருக்கிறது. எண்ணே வராமல் திறந்த பாதை என்று காட்டினால் சுருள் அறுந்திருக்கிறது. தடித்த எர்த் பின்னுக்கும் மற்ற இரண்டில் ஏதேனும் ஒன்றுக்கும் இடையே சில ஓமோ சில நூறு ஓமோ காட்டினால், உள்ளே சுருள் உறையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த ராடைத் தூக்கியெறிந்துவிடுங்கள், அதற்கு மேல் அதில் செய்வதற்கு எதுவுமில்லை.

நலமான ராடை நீருள்ள வாளியில் குறியிட்ட மட்டம் வரை அமிழ்த்திய பிறகு ஸ்விட்சைப் போடவும். போட்ட பிறகு நீரையும் வாளியையும் தொடக்கூடாது. மின்னோட்டம் அளக்க, கிளாம்ப் மீட்டரின் தாடைக்குள் ஒரேயொரு வயர்தான் போகவேண்டும். ராடின் வயரை முழுதாகத் தாடைக்குள் விட்டால் பேஸில் போகும் ஓட்டமும் நியூட்ரலில் திரும்பும் ஓட்டமும் ஒன்றையொன்று அழித்து, கருவி பூஜ்யம் காட்டும். இதற்கென, நடுவில் ஒரு முழ நீளத்துக்கு மூன்று வயர்களும் பிரிந்து தனித்தனியாகத் தெரியும் ஒரு சிறு எக்ஸ்டென்ஷனை வயர்மேனிடம் சொல்லிச் செய்துவைத்துக்கொண்டால் வீட்டில் உள்ள எல்லாப் பொருளையும் அதில் செருகி அளக்கலாம். மின்விசிறி போலக் குறைவான ஓட்டம் உள்ள பொருளுக்கு, அந்தத் தனி வயரைத் தாடையின் மேல் ஐந்து சுற்றுச் சுற்றி, வரும் எண்ணை ஐந்தால் வகுத்தால் துல்லியம் கூடும்.

கோடையின் மாலை ஏழு மணிக்கு, ராடு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே எக்ஸ்டென்ஷனில் வோல்ட்டை அளக்க 196 என்றும், ஓட்டத்தை அளக்க 3.7 என்றும் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மின்தடை = 196 ÷ 3.7 = 53 ஓம்

மின்திறன் = 196 × 3.7 = 725 வாட்

தடை லேபிளிலிருந்து கணக்கிட்டதோடு ஒத்துப்போகிறது. ஆகவே ராடில் குறையில்லை. ஆனால் திறன் 1000-த்திலிருந்து 725-ஆகிவிட்டது. வோல்ட்டேஜ் 15 சதவீதம் குறைந்ததற்குத் திறன் 27 சதவீதத்துக்கு மேல் குறைந்திருப்பது வியப்பாகத் தோன்றலாம். வோல்ட் குறைந்தால் தடை மாறாத பொருளில் ஆம்பியரும் அதே விகிதத்தில் குறைகிறது. குறைந்த இரண்டையும் பெருக்குகிறோம். அதனால்தான் வாய்பாட்டில் வோல்ட்டின் வர்க்கம் வருகிறது.

இதை நேரமாகவும் மாற்றிப் பார்க்கலாம். 15 லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து 60 பாகை செல்சியசுக்குக் கொண்டுவர ஏறத்தாழ 22 லட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு வாட் என்பது நொடிக்கு ஒரு ஜூல். 1000 வாட்டில் இது 37 நிமிட வேலை. 725 வாட்டில் 50 நிமிடம். வாளியிலிருந்து காற்றுக்குப் போகும் வெப்பத்தை இதில் சேர்க்கவில்லை. இரண்டிலும் செலவாவது ஏறத்தாழ 0.61 யூனிட்தான், ஏனெனில் ஒரு யூனிட் என்பது 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடுவது. குறைந்த வோல்ட்டில் ராடு போட்டால் பில் குறையும் என்று சிலர் நம்புகிறார்கள். குறையாது, காத்திருப்புதான் கூடும்.

மீட்டரைக் கொண்டு சரிபார்த்தல்

கணக்கு சரியா என்று பார்க்க வீட்டிலேயே இன்னொரு கருவி இருக்கிறது: மின்வாரியம் வைத்திருக்கும் மீட்டர். மின்னணு மீட்டரின் முகப்பில் சிவப்பாகச் சிமிட்டும் சிறு விளக்கும், அதன் பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்ற எண்ணும் இருக்கும். 3200 என்ற எண்ணைப் பல மீட்டர்களில் காணலாம். உங்கள் மீட்டரில் உள்ளதையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ராடை மட்டும் ஓடவிட்டு, பத்துச் சிமிட்டலுக்கு எத்தனை நொடி என்று கைப்பேசியில் அளக்கவும். முதல் சிமிட்டலைப் பூஜ்யம் என்று எண்ணத் தொடங்குவது முக்கியம்.

கிலோவாட் = 3600 × சிமிட்டல்கள் ÷ (மீட்டர் எண் × நொடிகள்)

பத்துச் சிமிட்டலுக்கு 15.5 நொடி ஆனால் 36000 ÷ (3200 × 15.5) = 0.726 கிலோவாட். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிப் பெற்ற 725 வாட்டுக்கு இது மிக அருகில் இருக்கிறது.

பிளக் பாயின்ட் விஷயம் சுருக்கமானது. 6 ஆம்பியர் பாயின்ட்டில் 6 × 230 = 1380 வாட் வரையும், 16 ஆம்பியர் பாயின்ட்டில் 3680 வாட் வரையும் செல்லலாம். 2000 வாட் இன்டக்‌ஷன் அடுப்புக்கு 8.7 ஆம்பியர் வேண்டும்; அதைச் சிறிய பாயின்ட்டில் அடாப்டர் வைத்துச் செருகுவது கூடாது.

மோட்டாரில் வாய்பாடு எங்கே நிற்கிறது

இதுவரை வந்தவர்கள் அடுத்துக் கிளாம்ப் மீட்டரோடு தோப்புக்குத்தான் போவார்கள். அங்கே ஒரு எச்சரிக்கை தேவை. ஒரு குதிரைத்திறன் சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது, மீட்டர்ப் பெட்டியருகே 225 வோல்ட்டும் 6.8 ஆம்பியரும் காட்டுகின்றன என்று கொள்வோம். வகுத்தால் 33 ஓம் வருகிறது. மோட்டாரை நிறுத்தி, இணைப்பைத் துண்டித்து, காயிலை ஓம் நிலையில் அளந்தால் சில ஓம்தான் வரும். பல்பில் நடந்ததுபோலச் சூட்டினால் வந்த வேறுபாடு அன்று இது. சுழலும் மோட்டாரின் காயிலில், வரும் அழுத்தத்துக்கு எதிரான அழுத்தம் ஒன்று உருவாகிறது. அதுவே ஓட்டத்தை அடக்கி வைத்திருக்கிறது. எனவே அந்த 33 ஓமை மின்தடை என்று எழுதாதீர்கள். அதை வைத்து அடுத்த கணக்கைச் செய்யவும் கூடாது.

பெருக்கலும் முழு விடை தராது. 225 × 6.8 = 1530 என்பது வோல்ட் ஆம்பியர்; வாட் அன்று. மாறுமின்னோட்டத்தில், காயில் உள்ள கருவிகளில் ஓட்டம் அழுத்தத்துக்குச் சற்றுப் பின்தங்கி வருகிறது. அதனால் பெருக்கி வந்ததில் ஒரு பங்கே உண்மையான திறனாகிறது. அந்தப் பங்குக்குப் பவர் பேக்டர் என்று பெயர். அதைக் கண்டறியச் சிமிட்டும் விளக்கே உதவும், ஏனெனில் மீட்டர் எண்ணுவது உண்மையான வாட்டை. மோட்டார் மட்டும் ஓடும்போது பத்துச் சிமிட்டலுக்கு 9.2 நொடி ஆனால் 1.223 கிலோவாட். 1223 ÷ 1530 = 0.80. அதுதான் பவர் பேக்டர். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட்தானே, 1223 எப்படி என்று கேட்கலாம். 746 என்பது தண்டில் கிடைக்கும் வேலை. உள்ளே போவது அதைவிட எப்போதும் கூடுதல். மீதி வெப்பமாகிறது.

ராடு சொன்ன பாடத்துக்கு நேர்மாறானது இங்கே நடக்கிறது. வோல்ட்டேஜ் குறைந்தால் ராடின் ஆம்பியர் குறைகிறது. மோட்டாரின் ஆம்பியர் கூடுகிறது. அதே ஆழத்திலிருந்து அதே நீரைத் தூக்கவேண்டியிருப்பதால், அழுத்தம் போதாதபோது மோட்டார் ஓட்டத்தை அதிகமாக எடுத்து ஈடுகட்டுகிறது. காயிலின் சூடு ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 6.8 ஆம்பியர் 8.2-ஆக உயர்ந்தால் 8.2 × 8.2-ஐ 6.8 × 6.8-ஆல் வகுக்க 1.45 வரும், காயிலில் சூடு 45 சதவீதம் கூடுகிறது. கோடை மாலைகளில் மோட்டார் எரிந்து ரீவைண்டிங்குக்குப் போவதன் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. பெயர்ப்பலகையில் உள்ள முழுச்சுமை ஆம்பியருக்கு ஏற்ப, ஓட்டம் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலேயை அமைப்பதும், அது அடிக்கடி விழுகிறது என்பதற்காக அதன் திருகை மேலே ஏற்றிவிடாமல் இருப்பதும் கட்டாயம்.

மூன்று பேஸ் மோட்டாருக்கு, இரண்டு பேஸ்களுக்கு இடையே உள்ள வோல்ட்டையும் ஒரு பேஸில் ஓடும் ஆம்பியரையும் பெருக்கி, அதை 1.732-ஆலும் பவர் பேக்டராலும் பெருக்கவேண்டும். 400 வோல்ட், 8.4 ஆம்பியர், 0.80 என்றால் 4656 வாட். ஐந்து குதிரைத்திறன் போர்வெல் மோட்டாருக்குப் பொருந்தும் எண் இது. மூன்று பேஸிலும் தனித்தனியாக ஆம்பியர் அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் விலகி நின்றால் முதலில் வரும் லைனையும் ஸ்டார்ட்டரின் காண்டாக்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வயரும் இணைப்பும் விழுங்குவது

இந்தக் கணக்குகளிலேயே எனக்கு மிகப் பயனுள்ளதாகத் தோன்றுவது வயரின் தடையைக் காண்பதுதான். வீட்டருகே மீட்டர், 80 மீட்டர் தள்ளிக் கிணறு என்பது நம் பக்கத் தோப்புகளில் சாதாரணம். வயரின் தடை ஓர் ஓம் அளவே இருப்பதால், சாதாரண மல்டிமீட்டரின் ஓம் நிலையில் அதை நம்பகமாக அளக்க முடியாது. முனைகளின் தொடுதடையே அந்த எண்ணைக் கெடுத்துவிடும். ஆகவே சுமையை ஓடவிட்டு, வோல்ட் இழப்பிலிருந்து கணக்கிடவேண்டும்.

முதலில் எதிர்பார்ப்பு எண். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள செம்புக் கம்பி, ஒரு மீட்டர் நீளத்துக்கு 20 பாகையில் ஏறத்தாழ 0.0172 ஓம் தடை கொண்டது. 2.5 சதுர மில்லிமீட்டர் வயரானால் அதை 2.5-ஆல் வகுக்க 0.0069 ஓம். நீளத்தை 160 மீட்டர் என்று எடுக்கவேண்டும், ஏனெனில் ஓட்டம் பேஸில் போய் நியூட்ரலில் திரும்புகிறது. ஆக 1.10 ஓம். வெயிலில் 40 பாகைக்குச் சூடான வயரில் செம்பின் தடை எட்டு சதவீதம் அளவுக்கு உயர்வதால் 1.19 ஓம் என்று கொள்வோம்.

இப்போது அளவீடு. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது மீட்டர் பக்கத்தில் 225 வோல்ட். அதே நேரத்தில் கிணற்றடி ஸ்டார்ட்டரில் 215 வோல்ட். லைன் வோல்ட்டேஜ் நிமிடத்துக்கு நிமிடம் ஏறியிறங்கும் என்பதால், இரண்டு பேர் இரண்டு கருவியோடு நின்று, கைப்பேசியில் பேசிக்கொண்டே ஒரே கணத்தில் எண்ணைப் படிக்கவேண்டும். அதற்குமுன் இரு கருவிகளையும் ஒரே பாயின்ட்டில் வைத்து ஒரே எண் காட்டுகின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

வயரின் மின்தடை = 10 ÷ 6.8 = 1.47 ஓம்

வயரில் வீணாகும் திறன் = 10 × 6.8 = 68 வாட்

இங்கே வகுப்பதும் பெருக்குவதும் 225-ஐ அன்று, இழந்த 10 வோல்ட்டை என்பதைக் கவனியுங்கள். எந்தப் பகுதியின் தடை வேண்டுமோ, அந்தப் பகுதிக்குக் குறுக்கே உள்ள வோல்ட்டைத்தான் வகுக்கவேண்டும். 225-ஐ 6.8-ஆல் வகுத்துவிட்டு அதை வயரின் தடை என்று எழுதுவது புதியவர்களிடம் அடிக்கடி காணும் பிழை.

எதிர்பார்த்தது 1.19; கிடைத்தது 1.47. மிச்சமுள்ள 0.28 ஓம் செம்பில் இல்லை. அது எங்கோ ஓர் இணைப்பில் இருக்கிறது: முறுக்கிச் சுற்றி டேப் ஒட்டிய இடத்தில், தளர்ந்த திருகில், அல்லது செம்பும் அலுமினியமும் நேராகச் சேர்த்துக் கட்டப்பட்ட இடத்தில். அது ஒரே இடத்தில் இருந்தால் அங்கே உருவாகும் வெப்பம் 6.8 × 6.8 × 0.28 = 13 வாட். 160 மீட்டர் நீளத்தில் பரவியிருக்கும் 55 வாட் யாருக்கும் தெரியாமல் காற்றில் கலந்துவிடும்; ஒரு விரற்கடை இடத்தில் அடைபட்ட 13 வாட் டேப்பை இளக்கிப் பழுப்பாக்கும், கம்பியைக் கறுக்க வைக்கும், சூட்டில் இணைப்பு மேலும் தளர்ந்து தடை இன்னும் கூடும்.

மெயினை அணைத்து, அணைந்ததை டெஸ்டரால் உறுதி செய்து, ஸ்டார்ட்டர் பெட்டியில் உள்ள கேப்பாசிட்டர் மின்னூட்டத்தைச் சில நேரம் பிடித்துவைத்திருக்கும் என்பதால் அதைத் தொடாமல், வயர்மேன் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கட்டும். கறுத்த பகுதியை வெட்டியெறிந்து, லக் என்னும் உலோக முனையை வைத்து அழுத்தியோ பித்தளைக் கனெக்டரில் இறுக்கியோ புதிதாக இணைத்தபின், மோட்டாரை ஓடவிட்டு, முன்போலவே இருவர் இரு முனையிலும் நின்று அளக்கவேண்டும். 6.8 ஆம்பியரில் வோல்ட் இழப்பு 8-ஐ ஒட்டி வந்தால் வயரில் இருப்பது செம்பின் தடை மட்டுமே. அந்த 8 வோல்ட்டும் அதிகம் என்று தோன்றினால் அடுத்த செலவு 4 சதுர மில்லிமீட்டர் வயர். அதில் இழப்பு 5 வோல்ட் அளவுக்கு இறங்கும்.